ஒளியைப் பாய்ச்சி ஒரு சிப்பின் சர்க்யூட்டையே மாற்ற முடியுமா? அதற்கு ஹோலோகிராம் எதற்கு?

முடியும். ஆய்வகத்தில் செய்தே காட்டிவிட்டார்கள்.

எனக்கு எஃப்பிஜிஏ (FPGA) போர்டுகளோடுதான் வேலை. வேண்டிய சர்க்யூட்டாக நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்தான் எஃப்பிஜிஏ. பவர் கொடுத்ததும் போர்டு ஓரத்தில் 'DONE' (முடிந்தது) என்று போட்டிருக்கும் குட்டி எல்இடி எரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அது எரிந்தால்தான் சிப் எந்த சர்க்யூட்டாக இருக்க வேண்டும் என்ற தகவல் முழுதும் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

உள்ளே இருப்பவை சின்னச் சின்ன அட்டவணைகள். எந்த உள்ளீட்டுக்கு என்ன வெளியீடு என்று சொல்பவை. இரண்டு உள்ளீடு என்றால் 00, 01, 10, 11 என நான்கு நிலைகள், அதனால் 4 பிட். 0001 என்று எழுதினால் ஆண்ட் கேட், அதாவது இரண்டு உள்ளீடும் 1 என்றால்தான் 1 தரும். அதையே 0110 ஆக்கினால் எக்ஸார் கேட், இரண்டும் வேறுவேறாக இருந்தால்தான் 1 தரும். இப்படி லட்சக்கணக்கான பிட்டுகள், ஒரு சில பின்கள் வழியாக வரிசை கட்டி உள்ளே போக வேண்டும். நேரம் போவதே அங்கேதான்.

2000 வாக்கில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் டெமெட்ரி சால்டிஸ் குழு அந்த வரிசையையே தூக்கிவிட்டது. ஹோலோகிராம் என்பது ஒளி வடிவத்தைப் பதித்து வைத்து, லேசர் பட்டதும் திரும்பக் காட்டுவது. ஒரே ஹோலோகிராமில் பல சர்க்யூட்டுகளைப் பதித்து வைத்தார்கள். எதிரே சின்ன லேசர்களின் அணி. எந்த லேசரை எரிக்கிறோமோ அதற்குரிய சர்க்யூட்டின் தகவல் ஒளிப்புள்ளிகளாகச் சிப்பின் மேல் விழும். சிப்பிலேயே இருக்கும் ஒளி உணரிகள் புள்ளி விழுந்தால் 1, விழாவிட்டால் 0 என்று எடுத்துக்கொள்ளும். அத்தனை பிட்டும் ஒரே நேரத்தில்! பின்னாளில் ஜப்பானின் ஷிசுவோக்கா பல்கலைக்கழகத்தில் மினோரு வதனபே குழு இதை நானோ செகண்ட் அளவுக்கே கொண்டுவந்தது.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. விண்வெளியில் ஒரு துகள் மோதி 0001 என்பது 0011 ஆகப் புரண்டால், அந்த ஆண்ட் கேட் தன் இரண்டாவது உள்ளீட்டைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஒரே ஒரு பிட்தான், ஆனால் சர்க்யூட்டே வேறாகிவிடும். ஹோலோகிராமிலோ ஒவ்வொரு பிட்டும் பரப்பு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஒரு மூலை கெட்டாலும் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். புரண்ட பிட்டைச் சரிசெய்ய இன்னொரு முறை லேசரை எரித்தால் போதும். வதனபே குழு கதிர்வீச்சைத் தாங்கும் சிப்புகள் பக்கம் போனதும் இதனால்தான்.

கடைக்கு ஏன் வரவில்லை? ஒளி உணரிகள் சிப்பில் இடத்தை அடைக்கின்றன. லேசர், ஹோலோகிராம், சிப் மூன்றும் இம்மி பிசகாமல் நேராக நிற்க வேண்டும். அதோடு, ஹோலோகிராமைப் பதிக்கும் ஃபோட்டோபாலிமர் என்ற பொருளில் ஒருமுறை பதித்ததை அழித்து எழுத முடியாது. நான் ஒரு நாளில் பத்து முறை டிசைனை மாற்றுகிறவன். என் மேசைக்கு இது ஒத்துவராது. செயற்கைக்கோளுக்கும், உருகிப்போன அணு உலைக்குள் இறங்கும் ரோபோவுக்கும் இது வந்தே ஆக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.