பதில்: பழைய சாவி மெட்ரோனோம் நொண்டுகிறது, மகளின் தாளமும் தடுமாறுகிறது

வணக்கம். மெட்ரோனோம் (தாள வேகம் பிசகாமல் இருக்க டிக் டிக் என்று அடிக்கும் கருவி) 60-இல் 'டிக்...டிக்-டிக்...டிக்' என்று ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் அடிக்கிறது, ரிப்பேருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அதைத் திண்ணையில் வைத்து மகள் வயலின் பழகுவதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். நம் மதுரைப் பக்கத்து வீடுகளில் திண்ணையை மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கொஞ்சம் வாட்டமாகவே கட்டுவார்கள். இந்தக் கருவிக்குள் இருப்பது ஊசல். கண்ணில் படும் எடை மேலே, இன்னொரு எடை பெட்டிக்குள் கீழே. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு டிக்குக்கும் இடைவெளி மாறிவிடும்.

ஒரு பக்க அடியில் மடித்த காகிதத்தை மெல்லச் செருகி, காதால் கேட்டுப் பாருங்கள். திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டில் பழைய பஸ் டிக்கெட் இரண்டே போதுமானதாக இருந்தது. அப்புறம் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். 60-இல் வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 60 டிக் வரவேண்டும். எடையின் மேல் விளிம்புதான் எண்கோட்டில் நிற்கவேண்டும், நடுப்பகுதி இல்லை. தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், பிசுக்கேறிச் சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

மகள் ஆதி தாளத்தில் (எட்டு எண்ணிக்கைத் தாளம்) இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், போனதும் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறாள் என்றீர்கள். எண்ணை 120-க்கு மாற்ற வேண்டாம். 60-லேயே விட்டு, ஒரு டிக்குக்கு இரண்டு ஸ்வரம் வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் வயலினைக் கீழே வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டபடி வாயால் பாடட்டும். அதில் நிற்காத காலம் வில்லிலும் நிற்காது.