வயர் உரிக்க எது, கேபிள் வெட்ட எது: மும்பை நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

மும்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவர்களும், வீட்டு வேலையைத் தாங்களே செய்துகொள்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. இவற்றில் பலவற்றுக்கும் அடியில் இருக்கிற விஷயம் ஒன்றுதான்: மேலுறையை எடுக்கும்போது செம்பில் கீறல் விழக்கூடாது. கருவியைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான்.

தாராவி, வயரிங் வேலை பழகும் தம்பி: அண்ணாச்சி, எங்க மாஸ்டர் பல்லால கடிச்சுத்தான் வயர் உரிக்கிறார். ஸ்ட்ரிப்பர் எல்லாம் தெரியாதவங்களுக்குத்தான்னு சொல்றார். எனக்கு ஒண்ணு வாங்கணும். எது வாங்கலாம்?

கட்டாயம் வாங்குங்கள், தம்பி. மாஸ்டரிடம் சண்டை வேண்டாம், உங்கள் கையில் கருவி இருக்கட்டும். பல்லின் எனாமல் ஒருமுறை உடைந்தால் திரும்ப வளராது. பழைய பிவிசி வயர்களில் ஈயம் கலந்த சேர்மானங்களும் உண்டு. அது வாய்க்குள் போக வேண்டிய பொருள் இல்லை. லைட்டரால் சுட்டு உரிப்பதும் அப்படித்தான். புகையில் அமிலம் இருக்கும், செம்பும் கறுத்துப்போகும், கறுத்த செம்பில் ஜாயின்ட் சரியாகப் பிடிக்காது.

கடையில் மூன்று வகை பார்ப்பீர்கள். ஒன்று, நடுவில் ஸ்க்ரூ வைத்து வாய் எவ்வளவு மூடவேண்டும் என்று நாமே திருகி வைப்பது. சில நூறு ரூபாய்தான், டபாரியா போன்ற நம் ஊர்த் தயாரிப்பே நன்றாக உழைக்கும். இரண்டாவது, வயர் அளவுக்கு ஏற்ற தனித்தனி ஓட்டைகள் வரிசையாக உள்ளது. மூன்றாவது, வயரை வைத்து அமுக்கினால் தானே பிடித்து, தானே உரித்துவிடும் ஆட்டோமேட்டிக்.

வீட்டு வயரிங் பழகுகிறவருக்கு நான் முதலில் கொடுப்பது ஓட்டை வகை. ஸ்க்ரூ வகையில் 1.5 சதுர மி.மீ. வயரிலிருந்து 2.5-க்கு மாறும்போதெல்லாம் திருகவேண்டும். அவசரத்தில் யாரும் திருகுவதில்லை, அங்கேதான் செம்பு அடிபடுகிறது. ஓட்டை வகையில் அளவு தவறினால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எந்தக் கருவி என்றாலும் உரித்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். கழன்று வந்த உறைத் துண்டைக் கீழே போடாமல் அதன் உள்ளே பாருங்கள். தலைமுடி மாதிரி செம்பு இழை ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் வயரை வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். 1.5 சதுர மி.மீ. வயரில் பொதுவாக 0.3 மி.மீ. இழைகள் 22 இருக்கும். நாலு இழை போனால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் செம்பு போய்விட்டது. லோடு ஏறும்போது அந்த இடம்தான் முதலில் சூடாகும். அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள், வயர் மிச்சம் பார்க்காதீர்கள்.

காட்கோபர், சொந்தமாக வயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவர்: ஓட்டை வச்ச ஸ்ட்ரிப்பர் வாங்கினேன் சார். அதுல 10, 12, 14, 16-ன்னு இருக்கு. நம்ம வயர் 1.5, 2.5, 4. எதுக்கு எது?

அது வயர் பருமனைச் சொல்லும் அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. கணக்கு. நம்பர் ஏற ஏற வயர் மெலிசு. 16 என்றால் 1.31 சதுர மி.மீ., 14 என்றால் 2.08, 12 என்றால் 3.31, 10 என்றால் 5.26. நம் 2.5 அதில் 14-க்கும் 12-க்கும் இடையில் விழுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் போடுவது பல இழை வயர். இழைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால், அதே செம்பு அளவுள்ள ஒற்றைக் கம்பியைவிட அது பருமனாக இருக்கும். ஒற்றைக் கம்பிக்கென்று போட்ட ஓட்டையில் பல இழை வயரை வைத்தால் ஓரத்து இழைகள் அறுபடும்.

ஆகவே 1.5-க்கு 14, 2.5-க்கு 12, 4-க்கு 10 என்று தொடங்குங்கள். இருபக்கமும் இரண்டு வரிசை நம்பர் இருந்தால் ஒன்று ஒற்றைக் கம்பிக்கு, மற்றொன்று பல இழைக்கு. படத்தைப் பார்த்துப் பல இழை வரிசையை எடுங்கள். துண்டு வயரில் நாலைந்து முறை உரித்துப் பார்த்துவிட்டுச் சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் பெயின்டில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது சதுர மி.மீ. அச்சிட்டதாகவே கேட்டு வாங்குங்கள்.

மாட்டுங்கா, இல்லத்தரசி: சார், மிக்ஸி பிளக், அயர்ன் பாக்ஸ் பிளக் மாத்தறது மட்டும்தான் எனக்கு. அதுக்கு என்ன வெச்சுக்கணும்? எங்க கட்டடம் ரொம்பப் பழசு.

ஒரு சின்ன ஸ்ட்ரிப்பர், ஆறு அங்குல சைடு கட்டர், ஸ்க்ரூடிரைவர், இது போதும் அம்மா. பிளக்கை முதலில் சாக்கெட்டிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள். வெளியுறையைக் கத்தியால் எடுக்கும்போது முழுசாக அறுக்காதீர்கள். சுற்றிலும் லேசாக ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் வயரை வளைத்தால் உறை தானே வெடித்துப் பிரியும். உள்ளே இருக்கும் மூன்று வயரில் பச்சையை, அதாவது எர்த்தை, மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் எர்த் கடைசியில்தான் கழல வேண்டும்.

சுவருக்குள் இருக்கும் பழைய வயரை மட்டும் தொடவேண்டாம். மாட்டுங்கா, தாதர் பக்கத்துப் பழைய கட்டடங்களில் ரப்பர் உறை வயர் இன்னும் இருக்கலாம். வயதான ரப்பர் கருவி பட்டதும் பொடிப்பொடியாக உதிரும், உள்ளே எவ்வளவு தூரம் விரிசல் போகிறது என்று வெளியே தெரியாது. அதற்கு ஸ்ட்ரிப்பர் தீர்வு இல்லை, வயரை மாற்றுவதுதான் தீர்வு.

வசாய், பேனல் போர்டு யூனிட்டில் வேலை: நாள் முழுக்க கன்ட்ரோல் வயரிங். கை வலிக்கிறது. ஆட்டோமேட்டிக் ஸ்ட்ரிப்பர் வாங்கலாமா? சிலர் வழுக்குகிறது என்கிறார்கள்.

உங்கள் வேலைக்கு வாங்கத்தான் வேண்டும். 0.5, 0.75, 1 சதுர மி.மீ. என்று ஒரே மாதிரி வயரை மேஜையில் வைத்து நூற்றுக்கணக்கில் உரிக்கிறவருக்கு அதுதான் கருவி. நீளம் நிறுத்தும் சின்னத் தடுப்பு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் எல்லா முனையும் ஒரே நீளத்தில் வரும், லக் (வயர் முனையில் அமுக்கிப் போடும் உலோக முனை) போடும்போது செம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது.

வழுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடாமலே விடுவது. உறை கெட்டியாக இருந்தால் கூட்டுங்கள், மெலிசாக இருந்தால் குறையுங்கள். பிடிக்கும் பல்லில் பிவிசி துணுக்குகள் அடைத்தாலும் வழுக்கும், பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சுவரில் பதித்த பாக்ஸுக்குள் மட்டும் இது உதவாது, தலை பெரிசு.

டோம்பிவிலி, சொஸைட்டி பராமரிப்பு: ஆர்மர்டு கேபிளை ராட்செட் கட்டரால் வெட்டினேன், வாய் பல்லுப்பல்லாகப் போய்விட்டது. மட்டமான கட்டரா?

கட்டர்மேல் குற்றமில்லை. சாதாரண ராட்செட் கேபிள் கட்டர் செம்புக்கும் அலுமினியத்துக்கும்தான். ஆர்மர் என்பது கேபிளைக் காக்க உறைக்குள் சுற்றிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) இரும்புப் பட்டை அல்லது கம்பி. இரும்பையும் வெட்டும் என்று எழுதியிருந்தால் ஒழிய அதில் வைக்கக்கூடாது.

ஆர்மர்டு கேபிளுக்கு ஹேக்ஸா. பல் நெருக்கமான பிளேடு போடுங்கள், அங்குலத்துக்கு 24 பல் அல்லது 32. கேபிளை முழுசாகத் துண்டாக்குவது எளிது. முனை தயார் செய்வதுதான் கைப்பழக்கம். கேபிளைப் பெட்டியில் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டின் அளவு பார்த்துக் குறியிட்டு, வெளியுறையை எடுத்து, இரும்புப் பட்டையைச் சுற்றிலும் பாதி ஆழம் மட்டும் ஹேக்ஸாவால் கீறுங்கள். பிறகு ஒவ்வொரு பட்டையாகக் கட்டிங் பிளேயரால் முன்னும் பின்னும் ஆட்டினால் கீறிய இடத்தில் பட்டென்று உடையும். முழு ஆழம் அறுத்தால் உள்ளுறையும், அதற்குள் தனித்தனி உறையோடு இருக்கும் வயர்களான கோரும் போய்விடும்.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோரையும் உரிக்கக் கத்தியை நெட்டுக்குத்தாக வைக்காமல், பென்சில் சீவுகிற மாதிரி சாய்த்து, உடம்புக்கு வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். அலுமினியக் கோரில் இது இன்னும் முக்கியம். சுற்றிக் கீறல் விழுந்த அலுமினியம், லக் அடித்து வளைக்கும்போது அந்தக் கோட்டிலேயே முறியும். ஹேக்ஸா தூள் கோர்களுக்கு நடுவில் நிற்காமல் துணியால் துடைத்துவிட்டுக் கோர் முனைகளை வாய் கெடாத ராட்செட் கட்டரால் நேராக வெட்டுங்கள். அங்கே அது அருமையாக வேலை செய்யும்.

சயான், எலெக்ட்ரீஷியன்: அண்ணே, கட்டிங் பிளேயர்ல பிளாஸ்டிக் பிடி இருக்கே, லைன் ஓடும்போது வெட்டலாம்ல?

வேண்டாம் தம்பி. சாதாரணப் பிடி கை வழுக்காமல் இருக்கப் போட்டது. மின்சாரத்துக்கென்று செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்றும் இருக்கும். ஐ.இ.சி. 60900 தரப்படி அப்படிப்பட்ட கருவி ஒவ்வொன்றையும் 10,000 வோல்ட்டில் சோதித்துத்தான் வெளியே விடவேண்டும்.

அந்தக் கருவியே இருந்தாலும் மெயினை நிறுத்தி, டெஸ்டரைத் தெரிந்த லைனில் ஒருமுறை சரிபார்த்து, பிறகு வெட்டப்போகும் வயரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டவேண்டும். பழைய பைகளில் இருக்கும் கட்டர்களின் வாயில் அரைவட்டமாக உருகிய ஒரு பள்ளம் பார்த்திருப்பீர்கள். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து வெட்டுப்பட்டபோது உண்டானது அது. அந்த ஒரு நொடியில் எஃகே உருகுகிறது என்றால் பக்கத்தில் இருக்கும் கண்ணை நினைத்துப் பாருங்கள்.

பவாய், கல்லூரி மாணவர்: லாமிங்டன் ரோட்டில் வாங்கிய ஃபிளஷ் கட்டர் ஒரே வாரத்தில் வாய் போய்விட்டது. சர்க்யூட் போர்டு வேலைக்கு மட்டும்தான் வைத்திருந்தேன்.

எல்.ஈ.டி., விலை குறைந்த ரெஸிஸ்டர் இவற்றின் கால்களில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகு, செம்பு இல்லை. ஃபிளஷ் கட்டரின் வாய் மெல்லிய செம்புக்கென்று கூராகச் சீவியது. எஃகுக் கால்களுக்கு ஒரு சாதாரண சைடு கட்டரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது கண்ணாடி போடுங்கள், துண்டு பறக்கும்.

செம்பூர், நெட்வொர்க் வேலை: கேட்-6 கேபிளுக்குத் தனி ஸ்ட்ரிப்பர் அவசியமா?

சுற்றி அறுக்கும் சின்ன ரவுண்டு ஸ்ட்ரிப்பர் போதும், ஆனால் ஆழத்தைக் குறைத்து வையுங்கள். உரித்ததும் உள்ளே முறுக்கியிருக்கும் வயர் ஜோடிகளை நாலு பக்கமும் மடக்கி, அடியில் செம்பு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் பிளேடு ஆழமாகப் போய்விட்டது. உள்ளே நூல் இருந்தால் அதை இழுத்தே உறையைக் கிழிக்கலாம், அதுதான் பத்திரம்.

நவி மும்பை, சோலார் வேலை: 4 சதுர மி.மீ. டி.சி. கேபிள் சாதாரண ஸ்ட்ரிப்பரில் நசுங்குகிறது.

அதற்கு இரட்டை உறை, பிவிசியைவிட முரடு. சோலார் கேபிளுக்கென்று வளைவான பிளேடு வைத்த ஸ்ட்ரிப்பர் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வெயில் அடிக்கும்போது பேனலில் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும், டி.சி. ஆர்க், அதாவது இடைவெளியில் தாவும் தீப்பொறி, எளிதில் அணையாது. லைனைத் துண்டிக்கும் ஸ்விட்சான ஐசொலேட்டரை நிறுத்தாமல் எதையும் கழற்றவோ வெட்டவோ கூடாது.

தாராவி, பழைய சாமான் கடை: அண்ணாச்சி, செம்புக்காக வயரை எரிக்கிறாங்க. கையால உரிச்சா கட்டுப்படியாகுமா?

எரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் அண்ணாச்சி. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும். அது அந்தச் சந்தில் விளையாடுகிற பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது. எரித்த செம்பு கறுத்திருப்பதால் விலையும் குறைத்துத்தான் கேட்பார்கள். கைப்பிடி சுழற்றும் உரிக்கும் மெஷின் வாங்குங்கள். வயரை உள்ளே விட்டால் உருளைகள் இழுத்துப்போய் பிளேடு நீளவாக்கில் பிளந்துவிடும். பருமனான கேபிளில் முதலிலேயே கட்டுப்படியாகும். மெலிசு வயரை அளவுவாரியாகப் பிரித்துச் சேர்த்து வைத்து, பிளேடு ஆழத்தை ஒருமுறை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஓட்டுங்கள்.

முலுண்ட், புதிதாகக் கருவி வாங்குபவர்: எங்கே வாங்குவது, நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவிக்கு மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெரு. வயர், லக், கிளாண்ட் எல்லாம் லோஹார் சால். இரண்டும் நடக்கும் தூரம்தான். கடையில் நின்று கட்டரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு வாய்க்கும் நடுவில் வெளிச்சக் கோடு தெரிந்தால் வேண்டாம். கையோடு கொண்டுபோன வயரிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்து, வாயின் நுனியில் வைத்து வெட்டுங்கள். இழை மடங்காமல் அறுபட வேண்டும். இரண்டு பாதியையும் சேர்க்கும் ஆணியில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தாலும் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் ரயிலில் நனைந்து வந்த பையை அப்படியே மூலையில் வைக்காமல், கருவிகளைத் துடைத்து ஆணியில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். பிடியில் எண்ணெய் படக்கூடாது.