ஓட்டல் கழிவறை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

22 வருடமாக எனக்கு இதுதான் தொழில். முதல் ஆறு வருடம் துடைப்பமும் பிரஷ்ஷும் பிடித்தேன், பிறகு மேற்பார்வைக்கு வந்தேன். இப்போது திருச்சிப் பக்கம் 11 ஓட்டல்களின் கழிவறைகளை என் ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். புதிதாக ஓட்டல் கட்டுகிறவர்களும் வரைபடத்தோடு வருகிறார்கள். இன்று மாலை முழுக்க இங்கேதான் இருப்பேன், கேளுங்கள். தொடங்கும் முன் ஒன்று: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலை ஓட்டல் வைத்திருப்பவர்: அக்கா, ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவுகிறோம். பினாயில் கேன் கேனாகத் தீர்கிறது. ஆனாலும் கதவைத் திறந்தால் நாற்றம். பஸ்ஸில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். என்ன செய்வது?

தம்பி, பினாயிலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். நாளைக் காலையில், கழுவுவதற்கு முன்னால், நீங்களே உள்ளே போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நாற்றம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று குனிந்து தேடுங்கள்.

பத்தில் ஏழு இடங்களில் நான் கண்டது நானி டிராப்தான். தண்ணீர் வடிய தரையில் ஓட்டை போட்ட மூடி, ஜாலி என்போம், போட்டிருக்கிறதே, அதற்குக் கீழே இருக்கும் வளைவு. அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். செப்டிக் டேங்க் காற்று மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். அது வற்றினால், நீங்கள் டேங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் ஊதுபத்தி கொளுத்துவதற்குச் சமம்.

ஒரு ஓட்டலில் வாசனை அடிக்கும் மெஷின் மூன்று மாட்டியிருந்தார்கள். நாற்றமும் மல்லிகை வாசனையும் கலந்து குமட்டியது. பெண்கள் பக்கத்தில் கதவுக்குப் பின்னால் ஒரு ஜாலி இருந்தது. தரை வாட்டம் எதிர்ப்பக்கம் இருந்ததால் கழுவுகிற தண்ணீர் ஒரு சொட்டுகூட அங்கே போகவில்லை. ஜாலியைத் தூக்கிப் பார்த்தால் டிராப் காய்ந்து, ஓரத்தில் சிலந்தி வலை. அரை வாளித் தண்ணீர் ஊற்றினேன். சாப்பாடு முடித்துவிட்டு வந்து பார்த்தபோது நாற்றம் இல்லை. இன்றைக்கும் அங்கே தினம் ஒரு மக் தண்ணீர் அந்த மூலைக்கு என்று தனியாக ஊற்றுகிறார்கள்.

டிராப்பில் தண்ணீர் இருந்தும் நாறினால் காற்றுக் குழாயைப் பாருங்கள். கழிவுக் குழாயிலிருந்து மொட்டைமாடிக்கு மேலே போகிற வென்ட் பைப் இல்லாமல் கட்டியிருந்தால், மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்யும்போது கீழே உள்ள டிராப் தண்ணீரை அது உறிஞ்சி இழுத்துவிடும். 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் அதுதான்.

அடுத்து எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேன் ஓடினால் மட்டும் போதாது, வெளிக்காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவுக்கு அடியில் ஒரு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் பெரிய ஃபேன் போட்டால், அது சாக்கடைக் காற்றையே இழுத்து அறைக்குள் விடும். 2 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம் என்றால் உள்ளே 18 கன மீட்டர் காற்று. ஒரு மணி நேரத்தில் அது பத்துப் பன்னிரண்டு முறையாவது மாற வேண்டும். மணிக்கு 200 கன மீட்டர் இழுக்கிற ஃபேனாக வாங்குங்கள், பெட்டியில் எழுதியிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நாறினால் டைல்ஸ் இடுக்கு. அதற்கு அடுத்த கேள்வியில் பதில் இருக்கிறது.

சென்னை, வேளச்சேரி, மெஸ் நடத்துபவர்: யூரினலில் மஞ்சள் கறை கல் மாதிரி பிடித்திருக்கிறது. ஆசிட் ஊற்றினால் கொஞ்சம் போகிறது, மறுபடி வந்துவிடுகிறது.

போர் தண்ணீரா அண்ணே? அந்த உப்பும் சிறுநீரும் சேர்ந்து கட்டுகிற காரைதான் அது. அதன் சொரசொரப்பில் கிருமி குடியிருக்கும், நாற்றமும் அங்கேயே பிறக்கும். ஆசிட் காரையைக் கரைக்கும், உண்மை. ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் சேர்த்துத் தின்றுவிடும். இடுக்கு குழிவிழுந்தால் சிறுநீர் அதில் ஊறி நிற்கும். மூன்று வருடம் ஆசிட் ஊற்றிய தரையை எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் கரையுங்கள். ராத்திரி கடை அடைத்ததும் பழைய துணியை அதில் நனைத்து, கறை மேல் ஒட்டினாற்போல் விரித்துவிட்டுப் போங்கள். காலையில் நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கெட்டியான காரைக்கு நாலைந்து ராத்திரி ஆகும், பொறுமை வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை செய்தால் மறுபடி கட்டாது. பாச்சை உருண்டை போடுவதை நிறுத்துங்கள், அது நாற்றத்துக்கு மேல் போர்த்துகிற போர்வை.

ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் கோப்பையில் ஆசிட் ஊற்றிவிட்டு, இன்னும் வெள்ளையாகட்டும் என்று மேலே பிளீச்சிங் போட்டார். கதவு சாத்தியிருந்தது. குளோரின் வாயு. இருமல் சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். அவர் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், கண்ணைத் திறக்க முடியவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். சிறுநீர் தேங்கிய இடத்திலும் பிளீச்சிங்கை நேராகக் கொட்டக் கூடாது, முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

திண்டுக்கல், புது ஓட்டல் கட்டுபவர்: இந்தியன் கோப்பையா, வெஸ்டர்னா?

இரண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு வெஸ்டர்ன், அடுத்தவர் உட்கார்ந்த இடத்தில் உட்காரப் பிடிக்காதவர்களுக்கு இந்தியன். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் வெஸ்டர்ன்.

அதே திண்டுக்கல்காரர்: வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் பொறியாளர் வரைந்த படத்தை, கழுவப் போகிறவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணிக் குழாய் எங்கே, மாப்பை எங்கே காயப்போடுறது?" என்பதாக இருக்கும். நான் பார்த்த படங்களில் முக்கால்வாசியில் அதற்கு இடமே இல்லை.

தரை சொரசொரப்பான டைல்ஸ், மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டம், வாட்டம் கதவுக்கு எதிர்ப்பக்கம். கையில் பிடித்துப் பீய்ச்சுகிற ஹெல்த் ஃபாசெட் உள்ள ஊர் நம் ஊர், தரை நனையத்தான் செய்யும். அதனால் கைப்பை மாட்ட உறுதியான கொக்கியும், செல்போன் வைக்க ஒரு சின்னத் தட்டும் கட்டாயம். பெண்கள் பக்கம் ஒவ்வொரு அறையிலும் மூடியுள்ள குப்பைக்கூடை வேண்டும். இல்லையென்றால் நாப்கின் கோப்பைக்குள் போகும், அடைப்பெடுக்க நீங்கள் செலவழிப்பதில் நூறு கூடை வாங்கலாம். சமையலறைக் கழிவுநீரைக் கழிவறைக் குழாயோடு சேர்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு உறைந்து இரண்டையும் அடைக்கும். அதற்குத் தனிக் குழாய், வழியில் எண்ணெயைப் பிடித்து நிறுத்துகிற கிரீஸ் டிராப் தொட்டி. கழிவறைக் கதவு சமையலறைக்குள் திறக்கவே கூடாது, உணவுப் பாதுகாப்பு விதியிலேயே அது உண்டு.

கோவை: எங்கள் ஓட்டலிலும் நாற்றம்தான் அக்கா, என்ன செய்யலாம்?

உளுந்தூர்ப்பேட்டைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். முதலில் டிராப்பைத் திறந்து பாருங்கள்.

கும்பகோணம், சாப்பாட்டு ஓட்டல்: கழிவறை பரவாயில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடம்தான் தொல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை அடைக்கிறது.

இதைக் கேட்டதற்கு நன்றி ஐயா. எத்தனை பெரிய கட்டடக்கலைஞர் வந்தாலும் இதை மறந்துவிடுகிறார். நம் ஊரில் கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். எழுந்து வருகிறவர் விரலில் சோறு, கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை எல்லாம் ஒட்டியிருக்கும். வாயும் கொப்பளிப்பார். அந்த இடத்தில் அலுவலகத்தில் வைக்கிற சின்ன வாஷ்பேசினையும் ஒன்றேகால் அங்குலக் குழாயையும் வைத்தால் எப்படித் தாங்கும்?

பேசினை எடுத்துவிட்டு கிரானைட்டிலோ ஸ்டீலிலோ நீளமான தொட்டியாகப் போடுங்கள். அடி ஒரு பக்கம் சரிந்து இறங்கட்டும். கடைசியில் கையால் தூக்கி எடுக்கிற சல்லடைக் கூடை, அதற்குக் கீழே இரண்டு அங்குலக் குழாய். கூடையை மதியப் பந்திக்குள் மூன்று முறை தட்ட வேண்டும். விளிம்பு உயரம் 80 சென்டிமீட்டர், ஒரு ஓரம் 55க்கு இறங்கினால் குழந்தைகளைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். குழாய் நெம்புகோல் வகையாக இருக்கட்டும், எச்சில் கையால் திருகாமல் முழங்கையால் தள்ளலாம்.

இன்னொன்று. அந்த இடத்தைக் கழிவறை வாசலோடு ஒட்டிக் கட்டாதீர்கள். சாப்பிட வருகிறவர் கை கழுவப் போய் அந்த வாடையோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்தால், உங்கள் சாம்பார் எவ்வளவு மணந்தாலும் அவருக்குத் தெரியாது.

மதுரை: ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கொஞ்சமாகச் சேர்த்தால்?

கொஞ்சமும் கூடாது.

சென்னை, உணவு டெலிவரி வேலை செய்யும் பெண்: அக்கா, ஒரு நாளைக்கு 20 ஓட்டலுக்குப் போகிறேன். பாத்ரூம் கேட்டால் "கஸ்டமருக்கு மட்டும்" என்கிறார்கள். காலை 11 மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். போன மாதம் நீர்க்கடுப்பு வந்து படுத்துவிட்டேன். எந்த ஓட்டலுக்குள்ளும் போகலாம் என்று சட்டம் இருக்கிறதாமே?

அம்மா, தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதே. வாட்ஸ்அப்பில் சுற்றுவது 1867ஆம் வருடத்து சராய் சட்டம். அது பயணிகள் தங்குகிற சத்திரம், சாவடிகளுக்காக வந்தது. டிபன் கடை வாசலில் அதைக் காட்டி வாதாடினால் நிற்காது. தெற்கு டெல்லி மாநகராட்சி 2017இல், ஓட்டல் கழிவறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொன்னது, 5 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்றது. அப்படி ஒன்று எல்லா ஊரிலும் வேண்டும் என்பது என் ஆசை.

வேளச்சேரி மெஸ்காரர்: ஆசை சரி. தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுப்பது நாங்கள்தானே? ரோட்டில் போகிறவரெல்லாம் வந்தால் கட்டுமா?

கணக்குப் போடுவோம் அண்ணே. ஒருவர் வந்து போனால் ஃப்ளஷ்ஷும் கையலம்புவதும் சேர்த்து 6 லிட்டர் என்று வையுங்கள். வெளியாள் 40 பேர் வந்தால் 240 லிட்டர். நீங்கள் வாங்குவது 12,000 லிட்டர் லாரி. அதில் ஐம்பதில் ஒரு பங்கு.

வேளச்சேரி மெஸ்காரர்: தண்ணீர் மட்டுமா? அசிங்கம் செய்துவிட்டுப் போகிறார்கள். கழுவுகிற அம்மா என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார்.

பெயர் சொல்லாத ஒருவர்: டெலிவரிப் பிள்ளைகள் உங்கள் சோற்றைத்தான் சுமக்கிறார்கள். அவர்களை ரோட்டில் போகிறவர் என்கிறீர்களே?

திண்டுக்கல்காரர்: குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் எல்லா முதலாளிக்கும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

ஒவ்வொருவராகச் சொல்கிறேன். கழுவுகிற அம்மா சண்டைக்கு வருவது நியாயம். 12 மணியிலிருந்து 3 மணி வரை அவரை இலை எடுக்கவும் விட்டுவிட்டு, கழிவறையையும் பார் என்றால் யாருக்கும் கோபம் வரும். அந்த மூன்று மணி நேரம் அவர் கழிவறையை விட்டு நகரக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில், காசு கொடுத்துச் சாப்பிட்டவர் சுத்தமாகவும் சாப்பிடாதவர் அசுத்தமாகவும் போனதில்லை. உள்ளே நுழையும்போது தரை உலர்ந்து பளிச்சென்று இருந்தால் அடுத்தவரும் அப்படியே விட்டுப் போகிறார். ஏற்கெனவே நாறிக் கிடந்தால் யாரும் கவலைப்படுவதில்லை.

முகம் சுளிப்பவர்களுக்காக இந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்துவதா? 11 ஓட்டல்களில் 8 முதலாளிகளிடம் பேசி, டெலிவரி செய்கிறவர்களுக்குக் கழிவறையும் ஒரு குடம் தண்ணீரும் உண்டு என்று சம்மதம் வாங்கிவிட்டேன். ஒருவர்கூட வியாபாரம் குறைந்தது என்று சொல்லவில்லை. மற்ற மூவரிடமும் விடாமல் பேசுவேன். அம்மா, திருச்சிப் பக்கம் வந்தால் எந்தெந்தக் கடை என்று சொல்கிறேன்.

வேளச்சேரி மெஸ்காரர்: சரிம்மா. டெலிவரிக்கு வருகிறவர்களை நாளையிலிருந்து விடச் சொல்கிறேன். மற்றவர்களை யோசிக்கிறேன்.

அது போதும் அண்ணே, நல்லாயிருங்கள்.

சேலம்: நல்ல ரூம் ஃப்ரெஷ்னர் எது? எங்கள் கழிவறையில் நாற்றம்...

டிராப்பில் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவது முறை சொல்கிறேன், மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருநெல்வேலி: வீட்டு பாத்ரூம் சுவரில் ஈரம் கசிகிறது.

அதற்கு ஒரு பிளம்பரை நேரில் வரவழையுங்கள். பார்க்காமல் சொல்ல முடியாது.

விழுப்புரம்: செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரிக்காரர் நாளைக்கு என்கிறார். தெரிந்த ஆள் ஒருவர் இறங்கி எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

இறக்காதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றம்கூடத் தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் திரும்ப மாட்டார். 2013ஆம் வருடச் சட்டப்படி பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஒரு நாள் கழிவறையைப் பூட்டி, அறிவிப்பு ஒட்டுங்கள். லாரி ஏற்பாட்டுக்கு 14420க்கு அழையுங்கள்.

ஈரோடு: சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு?

கதவு 90 சென்டிமீட்டர், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வெறும் தரை. கோப்பைக்குப் பக்கத்தில் கைப்பிடி, சுவரில் ஆழமாகப் பதித்தது. முக்கியமாக, அந்த அறையில் வெங்காய மூட்டை அடுக்காதீர்கள். நான் பார்த்ததில் பாதி அறைகளின் கதி அதுதான்.

ஊர் சொல்லாத ஒருவர்: அக்கா, நான் ஒரு ஓட்டலில் கழுவுகிற வேலை செய்கிறேன். மேஜை துடைக்கிற துணியாலேயே கழிவறைக் குழாயையும் துடைக்கச் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் கோபிக்கிறார்கள். கையுறையும் கிடையாது.

தங்கச்சி, நீ சொல்வதுதான் சரி. சிவப்புத் துணி, சிவப்பு வாளி கழிவறைக்கு மட்டும் என்று வைக்கச் சொல். பச்சைத் துணி சாப்பாட்டு இடத்துக்கு. நிறம் மாறினால் தூரத்திலிருந்தே தெரியும், முதலாளிக்கும் சந்தேகம் வராது. சிவப்புத் துணியைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போடு. கையுறை முழங்கை வரை உள்ளதாக வாங்கித் தரச் சொல். உனக்குப் பேசத் தயக்கமாக இருந்தால் ஓட்டல் நம்பரை எனக்குத் தனியாக அனுப்பு, உன் பெயரைச் சொல்லாமல் நானே பேசுகிறேன். ஆசிட் பாட்டில் கொடுத்தால் வாங்காதே.