டி.சி.யில் இருப்பதே வயது ஆகிவிடாது

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் வேலை. எங்கள் தெருப் பெண்ணும் அவனும் விரும்பி, ஒரு மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா முதலில் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்தார். அப்புறம் அதுவே போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்காகிவிட்டது. பையன் 18 நாளாகத் தொரப்பாடி ஜெயிலில் இருக்கிறான். அந்தப் பெண் எட்டாவதோடு நின்றவள். பள்ளியை விட்டு நின்றபோது கொடுத்த டி.சி.படி 17 வயது 4 மாதம். பெற்ற தாயோ 18 முடிந்துவிட்டது என்கிறாள். விரும்பித்தானே போனார்கள்? வழக்கிலிருந்து எப்படி மீட்பது?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் முழுக் கடிதத்தில் ‘விரும்பித்தான் போனார்கள்’ என்று மூன்று இடத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறீர்கள். பெண்ணுக்கு 18 நிறையவில்லை என்றால் கோர்ட்டில் அந்த வரி உங்கள் பிள்ளையைக் காப்பாற்றாது. 1940-லிருந்து, உடலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது 16 ஆக இருந்தது. 2012 நவம்பர் 14-இல் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 18-க்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான். குழந்தையின் சம்மதம் சம்மதமே இல்லை. தாலியும் உதவாது. மனைவியாக இருந்தாலும் 18-க்குக் கீழ் என்றால் குற்றம்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அந்தத் தாலியே இன்னொரு குற்றம். அதனால் கல்யாண போட்டோவை வக்கீலைக் கேட்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

தண்டனையையும் மறைக்காமல் சொல்கிறேன். உடலுறவு நிரூபணமானால் குறைந்தது 10 ஆண்டு. பெண் 16-க்குக் கீழ் என்றாலோ, கர்ப்பமாகியிருந்தாலோ குறைந்தது 20. நீதிபதி மனம் இரங்கினாலும் அதற்குக் கீழே குறைக்க முடியாது.

ஆகவே இந்த வழக்கின் உயிர் பெண்ணின் வயதில் இருக்கிறது. அதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. எந்தத் தாளை ஏற்பது என்பதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவில் வரிசை இருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. டி.சி. இந்த வரிசையில் இல்லை. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, வெறும் டி.சி.யை வைத்து வயதை முடிவு செய்ய முடியாது என்று சொல்லி 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்தது. உங்கள் வக்கீல் அந்தத் தீர்ப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை. இதே மாதிரி ஒரு வழக்கில் நான் பையன் தரப்பு வக்கீல். சத்துவாச்சாரி கோர்ட் வராந்தாவில் அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்தார். “என் பொண்ணுக்கு 18 ஆயிடுச்சு மேடம், நானே சாட்சி சொல்றேன்” என்றார். மஞ்சள் பையில் ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ், அதற்கும் அடியில் நாலாக மடிந்து நைந்துபோன பிரசவ அட்டை. அதைப் பிரித்துப் பார்த்தோம். டி.சி.யில் இருந்ததைவிட அவள் ஐந்து மாதம் சின்னவள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்த கணக்கு அப்படி. அந்த வழக்கில் நான் வயதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்கள் வக்கீலும் முதலில் பிறப்புப் பதிவு எங்கே இருக்கிறது என்று விசாரிக்கட்டும். இல்லாத சான்றிதழை ‘ஏற்பாடு’ செய்து தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது தனி வழக்கு.

அடுத்தது, பெண் வீட்டுக்குப் போகாதீர்கள். சமாதானம் பேசவும் வேண்டாம், அழவும் வேண்டாம். இது ராஜியாகி முடிகிற வழக்கு இல்லை. சாட்சியைக் கலைத்தார்கள் என்று ஒரு மனு போனால் ஜாமீன் கிடைப்பது கஷ்டம், கிடைத்த ஜாமீனும் ரத்தாகும். அந்தப் பெண் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லும் வாக்குமூலம் அவள் சொந்த வாயால் வரட்டும். கடத்தல் பிரிவும் போட்டிருப்பார்கள். அவளே வீட்டை விட்டு வந்திருந்து, உங்கள் பையன் தூண்டவில்லை என்றால் அது கடத்தல் ஆகாது என்று அறுபதுகளிலேயே நம் சென்னை மாகாணத்து வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு மட்டும்தான் அது உதவும்.

90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் பெறுவது அவன் உரிமை; மாஜிஸ்திரேட் முதலில் காவலில் வைக்க உத்தரவிட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், காவலில் இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள். ஐகோர்ட்டில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாமா என்றால், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு காதல் வழக்கை ரத்து செய்தது உண்மை. எல்லாருக்கும் அது கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

நான் குழந்தைகள் பக்கமும் நின்றிருக்கிறேன். “அவளும் ஆசைப்பட்டாள்” என்று நாற்பது வயது ஆள் கூண்டில் நின்று சொன்னதைக் கேட்ட பிறகு, 18 என்ற கோட்டைக் கீழே இறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆளுக்கும் உங்கள் மகனுக்கும் ஒரே 10 ஆண்டு என்பது அநியாயம். 16-இலிருந்து 18-க்குள் இருப்பவர்கள் வழக்கில் தண்டனையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுங்கள் என்று 2023-இல் சட்ட ஆணையம் சொன்னது. நானும் அதைத்தான் கேட்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் சம்மதத்துக்கு 16 வயதே போதுமாமே? தம்பி அங்கே படிக்கப் போகிறான்.
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: நாடு முழுவதற்கும் ஒரே வயது அங்கே இல்லை. பல மாநிலங்களில் 16, நியூயார்க்கிலும் டெக்சாஸிலும் 17, கலிஃபோர்னியாவில் 18. டெக்சாஸில் இருவருக்கும் மூன்று வயதுக்குள் வித்தியாசம், சின்னவருக்கு 14-க்குக் குறையவில்லை, வற்புறுத்தலும் இல்லை என்றால் அதை எதிர்வாதமாக வைக்கலாம். கலிஃபோர்னியாவில் அப்படி விடுதலை கிடையாது. மூன்று வயதுக்குள் என்றால் குற்றத்தின் தரம் மட்டும் குறையும். தம்பி போகிற மாநிலத்தின் சட்டத்தை விமானம் ஏறும் முன்பே அவன் தெரிந்துகொள்ளட்டும். போலீஸ் விசாரிக்கக் கூப்பிட்டால், வக்கீல் வரும்வரை பேச மாட்டேன் என்று சொல்ல அங்கே அவனுக்கு உரிமை உண்டு.