பீங்கான் கையெறிகுண்டு: வாங்கும் முன் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். இங்கே பழம்பொருள் சந்தை ஒன்றில், பழுப்பு மெருகு பூசிய, சாத்துக்குடி அளவிலான ஒரு குடுவையைப் பார்த்தேன். 'போர்க்கால பீங்கான் கையெறிகுண்டு, பிஸென் சூளை' என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே காலி. இணைய ஏலத்தில் வேறொருவர் ரப்பர் மூடி, திரி எல்லாம் அப்படியே இருக்கும் ஒன்றை மூன்று மடங்கு விலைக்குத் தருகிறார். முழுமையானதை வாங்குவதுதான் லாபம் என்கிறான் நண்பன். கூடவே நங்கூரக் குறி போட்ட ஒரு கடற்படைக் கிண்ணமும் கண்ணில் பட்டது. எதை நம்பலாம்? வாங்கினால் ஊருக்கு எடுத்து வர முடியுமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

நண்பர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். இந்த வகைப் பொருளில் எது குறைவாக இருக்கிறதோ அதையே அதிகம் நம்பலாம். காலிக் குடுவைகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. உறுப்பு குறையாத குண்டு கிடைப்பது அபூர்வம். அப்படி ஒன்று விலைக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: புதிதாக ஒட்டுப்போட்டது, அல்லது இன்னும் வெடிக்கக்கூடியது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1941-இலேயே ஜப்பானில் உலோகங்களைத் திரட்டும் ஆணை வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் இரும்புக்குக் கடும் தட்டுப்பாடு. அரித்தா, செத்தோ, ஷிகராக்கி, பிஸென் என்று பாத்திரம் சுட்டுக்கொண்டிருந்த ஊர்களிடம் குண்டின் கூடு செய்யச் சொன்னார்கள். நான்காம் வகைக் கையெறிகுண்டு என்பது அதுதான். உயரம் சுமார் 10 செ.மீ., விட்டம் 8 செ.மீ., மருந்தோடு சேர்த்து எடை ஏறத்தாழ 450 கிராம். அதில் வெடிமருந்து 100 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கழுத்தில் ரப்பர் அடைப்பு, அதன் வழியாக இறங்கும் திரி, திரியின் அடிமுனையில் டெட்டனேட்டர் (வெடிமருந்தை வெடிக்கத் தூண்டும் சிறு உறுப்பு), மேல்முனையில் தீக்குச்சி மருந்து. உரசிப் பற்றவைக்க ஒரு சின்ன மரக்கட்டை. இவை நனையாமல் இருக்க மேலே ஒரு ரப்பர் தொப்பி. உரசினால் நான்கைந்து நொடியில் வெடிக்கும். இவோ ஜிமாவிலும் ஒக்கினாவாவிலும் இதைப் பயன்படுத்தினார்கள்.

காலிக் கூடுகள் ஏன் இவ்வளவு என்றால், பல கூடுகளில் மருந்து நிரப்புவதற்குள் போர் முடிந்துவிட்டது. சைத்தாமா மாநிலத்தில் பின்நுமா ஆற்றங்கரையில் குவியலாகக் கொட்டப்பட்டவை இன்றும் சில்லுகளாகக் கிடக்கின்றன. பக்கத்தில் மருந்து நிரப்பும் ஆலை இருந்தது. பல ஊர்ச் சூளைகளிலிருந்து அங்கே கூடுகள் வந்து சேர்ந்ததால் வெள்ளை, பழுப்பு, கறுப்பு, மெருகே இல்லாதது என எல்லாம் கலந்திருக்கும். ஆகவே நிறத்தை வைத்து 'இது போலி' என்று சொல்ல முடியாது. நிறத்தை மட்டும் வைத்து 'இது பிஸென்' என்றும் சொல்ல முடியாது. சூளை முத்திரை பல கூடுகளில் கிடையாது. பழுப்பாக இருந்தாலே பிஸென் என்று சீட்டு எழுதுவது வியாபாரிகள் வழக்கம். அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

சரி, எங்கே பார்ப்பது? முதலில் வாய்க்குள். சின்ன டார்ச் அடித்து உள்ளே கெட்டியாகவோ தூளாகவோ ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையில் எடுக்க வேண்டாம், குலுக்கவோ குத்திப் பார்க்கவோ வேண்டாம். 'மண்தான் அடைத்திருக்கிறது' என்று கடைக்காரர் சொல்வதை நம்பிக் கழுவப் போகாதீர்கள். தள்ளி நின்று ஜப்பான் காவல்துறையின் 110 எண்ணுக்குத் தகவல் சொன்னால் போதும், அப்புறப்படுத்துவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். காலி என்று உறுதியான பிறகே மற்ற சோதனைகள்.

உட்சுவர் நிறையச் சொல்லும். அச்சில் வார்த்த கூட்டில் வெளிவளைவை அப்படியே தொடர்ந்து சீரான கனத்தில் உட்பக்கமும் வளைந்திருக்கும். வெளியே அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய தழும்பு தெரியும். அவசர வேலை என்பதால் அதைத் தேய்த்துச் சுத்தமாக்கியிருக்க மாட்டார்கள். சக்கரத்தில் இழைத்ததில் உள்ளே விரல் வரிகள் சுற்றிச் சுற்றி ஏறும். ரெசினில் வார்த்த போலி தொட்டால் சில்லென்று இருக்காது. எடையும் இடிக்கும்.

அடுத்து அழுக்கு. பீங்கான் இரும்பைப் போலத் துருப்பிடித்துத் தன் வயதைக் காட்டாது. அதனால் போலி செய்பவர்கள் தேயிலைச் சாறோ பூட்ஸ் பாலிஷோ பூசிப் பழமையைக் கொண்டுவருவார்கள். மெருகு படாத அடிப்பாகத்தை வெதுவெதுப்பான நீரும் மெத்தென்ற பிரஷும் கொண்டு தேய்த்துப் பாருங்கள். பூசிய சாயம் நீரில் ஒரே சீராகக் கரைந்து இறங்கும். மண்ணில் கிடந்த கூட்டில் நுண்துளைகளுக்குள் வண்டல் திட்டுத்திட்டாகத் தங்கியிருக்கும், எளிதில் வராது. வாய் விளிம்பில் பழைய சில்லு பெயர்ந்திருந்தால் அந்த முறிவுக்குள்ளும் அதே வண்டல் இருக்க வேண்டும். உடம்பெல்லாம் அழுக்கு, முறிவு மட்டும் பளிச் என்றால் யோசியுங்கள். புற ஊதா டார்ச் கைவசம் இருந்தால் இருட்டில் அடியுங்கள். புதுப் பசையும் ஒட்டுவேலையும் பல சமயம் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஏலக்காரர் காட்டும் ரப்பர் மூடிக்கும் இது பொருந்தும். எண்பது ஆண்டு போன போர்க்கால ரப்பர் காய்ந்த கருவாடு மாதிரி விறைத்து விரிசல் விட்டிருக்கும். அழுத்தினால் அமுங்கி மீள்கிறது என்றால் அது நேற்றைய ரப்பர். ஆனால் ஏலப் படத்தில் அழுத்திப் பார்க்க வழியில்லை. உண்மையான பழைய மூடி என்றால், கீழே டெட்டனேட்டர் இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு வீட்டு மேஜையில் வைத்துப் பதில் தேடக்கூடாது.

கடற்படைக் கிண்ணத்துக்கு வேறு கண் வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுப் பாத்திரத்தில் நங்கூரமோ தரைப்படையின் நட்சத்திரமோ மெருகுக்கு அடியில் இருப்பதே வழக்கம். நகத்தால் வருடினால் ஓரம் தட்டுப்படாது. தட்டுப்பட்டால், வெறும் கிண்ணத்தில் பின்னால் குறி எழுதிச் சுட்டிருக்க வாய்ப்பு அதிகம். (சேவை முடித்து வீடு திரும்பிய சிப்பாய்கள் பரிசாகக் கொடுத்த சாக்கே (அரிசி மது) கிண்ணங்களுக்கு இந்த விதி செல்லாது. அவற்றில் தங்க எழுத்து மெருகுக்கு மேலேதான் இருக்கும்.) அடியில் ஷோவா ஆண்டு (அன்றைய ஜப்பானிய ஆண்டுக் கணக்கு) இருந்தால் 1925-ஐக் கூட்டுங்கள்: ஷோவா 18 என்றால் 1943. ஓர் ஊர்க்குறியும் எண்ணும் சேர்ந்து, உதாரணமாக கிஃபு மாநிலத்தைக் குறிக்கும் எழுத்தும் பக்கத்தில் எண்ணும் இருந்தால், அது போர்க்கால உற்பத்திக் கட்டுப்பாட்டு எண். காலத்துக்கு நல்ல சாட்சி, ஆனால் அது மட்டும் ராணுவப் பொருள் என்று நிரூபிக்காது; சாதாரண வீட்டுக் கிண்ணத்திலும் உண்டு. நங்கூரமும் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' முத்திரையும் ஒரே கிண்ணத்தில் கண்டால் சிரித்துவிட்டு நகருங்கள். போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தபோது போட்ட அந்த முத்திரை 1947-இல்தான் வந்தது, கடற்படை 1945-லேயே கலைக்கப்பட்டுவிட்டது.

ஊருக்கு எடுத்து வருவது பற்றி: குண்டுக் கூட்டை விமானத்தில் கொண்டுவர நினைக்காதீர்கள். காலியாக இருந்தாலும், மாதிரியாகவே இருந்தாலும், கையெறிகுண்டின் உருவம் ஸ்கேனரில் தெரிந்தால் கைப்பையானாலும் சரக்குப் பெட்டியானாலும் நிறுத்திவிடுவார்கள். தபாலிலும் அதே தொல்லைதான். ஜப்பானில் இருக்கும்வரை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் மட்டும் அந்தச் சந்தைக் குடுவையை, பிஸென் விலை கொடுக்காமல், வாங்குங்கள்.

ஊருக்குக் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால், தகர டப்பாவுக்குப் பதிலாக வந்த 'போஎய்ஷொக்கு' பீங்கான் உணவு ஜாடியைத் தேடுங்கள். ரப்பர் வளையம் வைத்துக் காற்றை வெளியேற்றி மூடியது. மூடியின் நடுவே வேண்டுமென்றே மெல்லியதாக விட்ட ஒரு குழி இருக்கும், ஆணியால் அதைக் குத்தினால் காற்று புகுந்து மூடி கழன்றுவிடும். குழி ஓட்டையாக இருந்தால் யாரோ திறந்து சாப்பிட்ட ஜாடி, முழுசாக இருந்தால் பயன்படுத்தாதது. விலை பேசும் முன் மூடியை ஜாடியின் மேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். வேறு ஜாடியின் மூடியைப் பொருத்தி விற்பது சாதாரணம்.