புரொஜெக்டருக்குக் கடன் எடுக்கலாமோ?

கேள்வி: அண்ணை, எனக்கு 29 வயசு, சுன்னாகம். கையில வாற சம்பளம் 90,000. வீட்டில அம்மாவும் நானும்தான். பிஎஸ்5 கேம் மெஷின் ஒண்டு கிடக்கு, கேமுக்கும் படத்துக்கும் சேத்து 4கே புரொஜெக்டர் ஒண்டு வாங்க ஆசை. கடையில 280,000 சொல்லுறாங்கள், 40,000 முன்காசு கட்டினா மிச்சத்தை 24 மாசத்தில கட்டலாமாம், வருசத்துக்கு 15 வீத வட்டிதானாம். பாங்கில 60,000 இருக்கு. மாசம் 10,000 சீட்டும் கட்டுறன், 20 பேர், நான் இன்னும் எடுக்கேல்லை, 7 மாசம் இருக்கு. எடுக்கட்டோ?

பதில்: தம்பி, இப்ப வேண்டாம். ஆசையில பிழை இல்லை, உந்த 15 வீதத்திலதான் பிழை. நீங்கள் மாசாமாசம் முதலைக் கட்டிக் குறைச்சுக்கொண்டு வந்தாலும் அவங்கள் கடைசி மாசம் வரைக்கும் முழு 240,000க்கும்தான் வட்டி போடுவாங்கள், அப்ப வட்டி மட்டும் 72,000, மொத்தம் 312,000, மாசம் 13,000. குறைஞ்சு வாற கடனுக்கு வடிவாக் கணக்குப் பாத்தா அது 27 வீதத்துக்குக் கிட்ட. சீட்டோட சேத்து மாசம் 23,000 போகும், முன்காசும் போனா பாங்கில மிஞ்சுறது 20,000, அம்மாவுக்கு ஒருநாள் சுகமில்லாம வந்தா நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கு ஓட வேண்டியதுதான்.

சீட்டைக் கழிவு கூறி, அதாவது ஒரு தொகையை விட்டுக்குடுத்து, இப்பவே எடுப்பம் எண்டும் நினையாதேங்கோ, கழிவும் வட்டிதான், பேர்தான் வேற. கடைசியா எடுத்தா 200,000 முழுசா வரும். அதில 100,000ஐ அவசரத்துக்கெண்டு நிலையான வைப்பில போடுங்கோ, மிச்சத்துக்குள்ள புரொஜெக்டரைப் பாப்பம்.

அந்தக் காசுக்கு 4கே தேடாதேங்கோ. உண்மையான 1080பி (படத்தில 1080 வரிசைப் புள்ளி, 4கேயில 2160) ஒண்டு, பாவிச்சதெண்டாலும் பரவாயில்லை. பெட்டியில 4கே எண்டு பெரிசா எழுதிக் கிடக்கும், அது அந்த சிக்னலை வாங்கும் எண்டதுதான், உள்ளுக்குள்ள அது உண்மையாக் காட்டுற அளவு (நேட்டிவ்) 720பியாக் கூட இருக்கும். வெளிச்சத்தைச் சொல்லுற லுமென்ஸும் அப்பிடித்தான், ஆன்சி எண்ட அளவுமுறையின்ர பேர் போடாத 9000ஐ நம்பாதேங்கோ. நானும் ஒருக்கா உப்பிடி ஒண்டை வாங்கி, அப்பான்ர வேட்டியைச் சுவரில கட்டிப் படம் போட்டன், எங்கட ஓட்டு வீட்டில ரெண்டு கண்ணாடி ஓடு இருக்கு, பகல் 3 மணிக்கு வேட்டிக்கரைதான் வடிவாத் தெரிஞ்சுது, படத்தைக் காணேல்லை. இப்ப அது அலுமாரிக்கு மேல.

வாங்க முதல் அறையை அளவுங்கோ. மூலைக்கு மூலை 100 இஞ்சிப் படம் எண்டா அகலம் 7 அடி 3 அங்குலம், த்ரோ ரேஷியோ, அதாவது தூரத்தைப் பட அகலத்தால பிரிச்சது, 1.2 எண்டா புரொஜெக்டரைச் சுவரில இருந்து கிட்டத்தட்ட 8 அடி 9 அங்குலத்தில வைக்கோணும். 12 அடி அறைக்குச் சரி. 120 இஞ்சிக்குப் போனா பத்தரை அடி வேணும், பிறகு கதிரையை முத்தத்திலதான் போடோணும்.

பழைய லாம்ப் மெஷின் எண்டா மெனுவில லாம்ப் எத்தினை மணித்தியாலம் ஓடியிருக்கெண்டு பாருங்கோ. ஒரு லாம்ப் அனேகமா 3,000 - 5,000 மணித்தியாலம் வரும், நாளுக்கு 3 மணித்தியாலம் பாத்தா வருசத்துக்கு 1,100 போயிடும், அதால புது லாம்ப் என்ன விலை, எங்க எடுக்கலாம் எண்டு முதலே கேளுங்கோ. எல்ஈடி, லேசர் எண்டா 20,000 மணித்தியாலம் சொல்லுவினம், லாம்ப் செலவு இல்லை. உங்கட பக்கத்துச் செம்மண் புழுதிக்கு, மூடாத மலிவான எல்சிடி மெஷின் வேண்டாம், உள்ளுக்குத் தூசி போனா படம் முழுக்கப் பொட்டுப் பொட்டா நிக்கும். கரண்டையும் மறக்காதேங்கோ, 200 வாட் மெஷின் அதே 3 மணித்தியாலத்துக்கு மாசம் 18 யூனிட், ஏற்கனவே ஒரு கட்டணப் படியின்ர கரையில நிக்கிற பில் எண்டா அடுத்த படிக்குத் தள்ளிவிட்டிடும்.

கேமுக்கு முக்கியம் இன்புட் லாக், அதாவது பட்டனை அமத்தினதுக்கும் அது திரையில தெரியிறதுக்கும் இடையில பிந்துற நேரம். 20 மில்லிசெக்கன்குள்ள இருந்தா நல்லம், 50ஐத் தாண்டினா கையில தெரியும், நீங்கள் சுட்டு முடிய முதல் மற்றவன் சுட்டிடுவான். சரிவா வைச்சுப்போட்டு கீஸ்டோன் எண்ட, கோணின படத்தை நிமித்துற செற்றிங்கால சரிப்படுத்தினா கன மெஷின்களில லாக் கூடும், அதால நேரா வைக்க இடம் இருக்கோ எண்டு பாருங்கோ. பேப்பரில இருக்கிறதை நம்பாமல் பிஎஸ்5ஐப் பையில போட்டுக்கொண்டு போய், கடைக்காரர் முகத்தைச் சுழிச்சாலும் பரவாயில்லை, லாக்கைக் குறைக்கிற கேம் மோடில போட்டு அரை மணித்தியாலம் விளையாடிப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ.