கூட்டுச் சேர்ந்து நிலம்: பணம் போட ஆள் பிடிப்பவர்களின் கேள்விகள்

கே: நல்ல இடம் ஒன்று 40 லட்சத்துக்கு வருகிறது. என்னிடம் 10 லட்சம்தான். மீதிக்கு ஆளை எங்கே தேடுவது?

ப: ஆடிட்டர், பத்திர எழுத்தர், அதே பகுதியில் மனை போட்டு விற்றவர்கள். யார் பணம் சும்மா கிடக்கிறது என்பது புரோக்கரைவிட இவர்களுக்குத் தெரியும். வெறுங்கையோடு போகாதீர்கள். 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரம்), பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) நான்கும் கோப்பில் இருக்கட்டும். செலவுக் கணக்கை 40 லட்சத்தோடு நிறுத்தினால் விவரமானவர் எழுந்து போய்விடுவார். தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%, இதுவே 3.60 லட்சம். வக்கீல், சர்வேயர், வேலி தனி. எத்தனை மாதத்தில் விற்போம், விலை படியாவிட்டால் யார் எவ்வளவு தாங்குவது என்பதும் அதே தாளில் வேண்டும். லாபத்தை மட்டும் காட்டிப் பிடித்த ஆள், முதல் தாமதத்திலேயே பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

கே: நான்கு நண்பர்கள் பணம் போடுகிறோம். பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தால் விற்கச் சுலபம் அல்லவா?

ப: சுலபம்தான், அந்த ஒருவருக்கு. மற்றவர் பணத்தில் தன் பெயரில் வாங்குவது பினாமி ஆகலாம். அப்படி ஆகிவிட்டால் சொத்து பறிமுதல், 1 முதல் 7 வருடம் வரை சிறை. நால்வர் பெயரும் கிரயப் பத்திரத்தில் வரட்டும், பங்கு விகிதத்தோடு. சொத்து மாற்றுச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி, யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு என்றே கொள்வார்கள். 25 லட்சம் போட்டவரும் 5 லட்சம் போட்டவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவர் பணமும் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே விற்பவருக்குப் போகட்டும். அந்த விவரம் பத்திரத்தில் ஏறட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். கையெழுத்துத் தொல்லைக்கு, விற்கும் நேரத்தில் ஒருவருக்குப் பதிவு செய்த பவர் (மற்றவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுத்தால் தீர்ந்தது.

கே: மாதம் 2% தருவதாக வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பணம் திரட்டலாமா?

ப: கூடாது. அது டெபாசிட் வாங்குவது. முறைப்படுத்தப்படாத டெபாசிட்டைத் தடை செய்யும் 2019-இன் மத்தியச் சட்டமும், டெபாசிட் போட்டவர்களைக் காக்கும் 1997-இன் தமிழ்நாட்டுச் சட்டமும் பாயும். கூட்டாளி போடும் மூலதனம் வேறு. நஷ்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

கே: துபாயில் இருக்கும் அண்ணன் தென்னந்தோப்பில் பங்கு கேட்கிறார்.

ப: இந்தியக் குடியுரிமை இருந்தாலும், வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வீடோ வீட்டுமனையோ வாங்கலாம். பணம் வங்கி வழியாக, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து வரட்டும். நிலம் வாங்கி விற்கும் கூட்டு நிறுவனத்தில் (பார்ட்னர்ஷிப்) அவரைக் கூட்டாளியாகச் சேர்ப்பதும் ஆகாது.

கே: பாதியில் ஒருவர் விலகினால்?

ப: எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் அவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கலாம், பாகப்பிரிவினை வழக்கும் போடலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒப்பந்தம் எழுதிவிடுங்கள்: பங்கை முதலில் கூட்டாளிகளுக்கே தர வேண்டும், விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை நாளில் பணம், கூடுதல் செலவுக்குத் தராதவர் பங்கு எப்படிக் குறையும். கூட்டு நிறுவனமாக நடத்தினால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். பதிவாகாத நிறுவனத்தின் கூட்டாளி, ஒப்பந்த உரிமையைக் கேட்டுச் சக கூட்டாளி மேல் வழக்குப் போட 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் விடாது.